சிறு பட்டறையும் இயக்கக் கட்டுப்பாட்டுக் கருவியும்

ஜிந்துப்பிட்டியிலிருந்து செட்டியார் தெரு வழியாகப் புறக்கோட்டை நோக்கி நடப்பவர் சிறிது தூரத்துள்ளேயே பல கைத்தொழில்களைக் கடந்து செல்கின்றார். பொன் வேலை, அச்சு வேலை, அட்டைப்பெட்டி கட்டுதல், தையல் என்பன அவற்றுட் சில. இவற்றுட் பல ஓரிரண்டு அறைகளில், இருவர் மூவர் கையுழைப்பால் நடைபெறுவன. இத்தகைய தொழில்களிலே ஒரே அசைவு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழ்தலைக் காணலாம். நாடாவை இழுத்து, அளந்து, வெட்டி, மீண்டும் இழுத்தல் அத்தகையதோர் அசைவு. இதனைப் பொறியிடம் ஒப்படைக்க விரும்பிய பட்டறைக்காரருக்கு முன்னாளில் இருந்த வழி ஒன்றே; வெளிநாட்டிலிருந்து முழு யந்திரத்தையும் வருவித்தல் வேண்டும். அது அவர் முதலுக்கு எட்டாதது. இன்றோ அத்தகைய யந்திரத்தின் மூளையாகிய இயக்கக் கட்டுப்பாட்டுக் கருவி தனியே, தாங்கக்கூடிய விலையில் விற்பனைக்கு வருகின்றது. மோட்டரும் இரும்புச் சட்டமும் உள்ளூரிலே தேடிக்கொள்ளத்தக்கன. அவ்வாறாயின் தன் யந்திரத்தைத் தானே அமைத்துக்கொள்ளல் ஒரு சிறு பட்டறைக்கு இயலுமா, இயலுமெனின் எங்கே இடறி விழ நேரும் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். பொறி வேறு, பொறியை ஆளும் அறிவு வேறு. உதயணன் கதையில் வரும் எந்திர யானையைப் பலரும் அறிவர். அதனைக் காட்டி அக்காலத்திலேயே தானியங்கிப் பொறி இருந்தது என்று வாதிடுவாரும் உளர். கதையையே ஊன்றி நோக்கின், அவ்வியானையின் வயிற்றினுள் வீரர் ஒளிந்திருந்தமை புலனாகும். உடல் பொறியினுடையது, எப்பொழுது நகர்வது, எங்கே நிற்பது என்னும் முடிவு உள்ளிருந்த மனிதருடையது. அந்த முடிவையே மனிதன் கையினின்றும் எடுத்துப் பொறிக்குள் வைத்தல்தான் இக்காலத்து இயக்கக் கட்டுப்பாடு என்பதன் உட்பொருளாம்.

இதன் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவிலே ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டர் விமானத்தின் சுழலலகுகளைத் திருத்தமாக உருவாக்கும் வழியைத் தேடியபொழுது, வெட்டும் கருவி செல்லவேண்டிய இடங்களை எண்களாகக் கொடுத்தால் என்ன என்னும் எண்ணம் பிறந்தது. 1952ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தார், துளையிட்ட காகித நாடாவைப் படித்து மூன்று அச்சுக்களில் இயங்கும் துருவல் (மில்லிங்) யந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினர். அதன் கட்டுப்பாட்டுப் பகுதி நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்களால் ஆனது. தனியோர் அறைக்குரிய பருமனுடையது. 1969இல் மோடிகொன் 084 என்னும் கருவி தோன்றியது. மோட்டர்க் கார்த் தொழிற்சாலைகளிலே சுவர் நிறைய அடுக்கப்பட்டிருந்த ரிலே ஆளிகளுக்கு மாற்றாக அமைந்த அதுவே, இன்று பி.எல்.சி. என வழங்கும் நிரலாக்கக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் முன்னோடி. 1971இல் முதல் நுண்செயலி விற்பனைக்கு வந்தபின் விலை ஆண்டுதோறும் இறங்கிற்று. அறை நிறைந்து நின்ற பொருள் இப்பொழுது ஒரு தடித்த புத்தகத்தின் பருமனுக்குச் சுருங்கிவிட்டது.

இனி, அக்கருவி செய்யும் தொழில் யாதெனக் காண்பாம். சிறு பட்டறைக்கு ஏற்ற அமைப்பிலே மூன்று உறுப்புக்கள் தொடர்ந்து நிற்கின்றன. முதலாவது கட்டுப்பாட்டுக் கருவி, இரண்டாவது, கடைக்காரர் டிரைவர் என்று கூறும் செலுத்தி, மூன்றாவது மோட்டர். கட்டுப்பாட்டுக் கருவி செலுத்திக்கு இரண்டு செய்திகளை மாத்திரமே அனுப்புகின்றது. ஒன்று மின்துடிப்பு; மற்றது திசை. ஒரு துடிப்பு வந்தால் ஒரு படி நகர்தல் வேண்டும். நூறு துடிப்பு வந்தால் நூறு படி. துடிப்புக்கள் நெருங்கி வந்தால் வேகம் கூடும். விலகி வந்தால் குறையும். படிமோட்டர் என்பது பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 200 படிகளை உடையது. அஃதாவது படியொன்றுக்கு 1.8 பாகை. செலுத்தியானது ஒவ்வொரு படியையும் பதினாறு நுண்படிகளாகப் பிரிக்குமாயின், ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்புக்கள் வேண்டப்படும்.

இந்த மோட்டர், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. முன்னேறும் திருகுத்தண்டைச் சுழற்றுவதாகக் கொள்வோம். ஒரு மில்லிமீற்றருக்கு 640 துடிப்பு ஆகின்றது. வெட்டும் தலை நொடிக்கு 100 மி.மீ. செல்லவேண்டுமெனின், கட்டுப்பாட்டுக் கருவி நொடிக்கு 64,000 துடிப்புக்களை இடைவெளி பிசகாமல் அனுப்புதல் வேண்டும். மாணவர் பலர் கையாளும் ஆர்டுயினோ பலகை 2005ஆம் ஆண்டில் இத்தாலியிலே தோன்றியது. அதில் ஓடும் ஜெர்பில் என்னும் இலவச நிரல் 2009இல் வெளிவந்தது. நொடிக்கு ஏறத்தாழ 30,000 துடிப்புக்களோடு அது நின்றுவிடும். வீட்டிலுள்ள கணினியோ இதனினும் வேகமானது. ஆயினும் அது ஒரே வேளையில் நூறு வேலைகளைக் கவனிப்பது. திரையைப் புதுப்பிக்கும் அவசரத்தில் ஒரு துடிப்பைச் சற்றே தாமதித்து அனுப்பிவிடும். மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அத்தாமதம் மோட்டருக்குப் புலப்படும். அது அதிரும், சில வேளைகளில் நின்றும் விடும். தொழிற்சாலைக்கென அமைந்த கருவியின் தனிச்சிறப்பு இங்கேதான் உள்ளது. துடிப்பை உண்டாக்குதலையே தொழிலாகக் கொண்ட தனி மின்சுற்று அதனுள் இருக்கின்றது. சிறிய பி.எல்.சி. சிலவற்றில் நொடிக்கு ஓர் இலட்சம் துடிப்புக்கள் கிடைக்கும். அச்சியக்கத்துக்கென்றே அமைந்தவற்றில் அதற்கு மேலும் கிடைக்கும்.

ஆயினும் கற்றற்பொருட்டு ஆர்டுயினோவைத் தேர்ந்தெடுக்கும் மாணவரை நான் குறைகூறேன். 2013ஆம் ஆண்டிலே உயர்தர வகுப்பில் தொழினுட்பவியற் பிரிவு தொடங்கப்பெற்றபின், நம் பாடசாலைகளிலே இத்தகைய பலகைகள் புழங்குதல் நல்லதே. பாடசாலை மேசையில் ஒரு மணி நேரம் இயங்குவதும், பட்டறையில் வெப்பத்திலும் தூசியிலும் நாள் முழுவதும் இயங்குவதும் ஒன்றல்ல என்பதே என் கருத்து. தொழிற்கருவியின் உள்வாயில்கள் 24 வோல்ற்றில் வேலை செய்வன. சிறு பலகையின் வாயில்கள் 5 வோல்ற்றில் வேலை செய்வன. நீண்ட கம்பியிலே சில வோல்ற்று அளவான குழப்பம் புகுந்தால், முன்னதற்கு அது ஒரு பொருட்டன்று. பின்னதற்கு அதுவே ஒரு கட்டளையாகிவிடும்.

துடிப்பை எண்ணி அனுப்புதல் எளிது. தொடங்குதலும் நிறுத்துதலுமே கடினம். செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் விழாவைக் கண்டு வளர்ந்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தேர் வடத்தை ஒரே இழுப்பில் வேகமாக இழுத்தால் வடம் அறும், அன்றித் தேர் அசையாது. மெல்லத் தொடங்கி, ஓட்டம் பிடித்தபின், நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்னரே முட்டுக்கட்டைக்காரன் ஆயத்தமாதல் வேண்டும். மோட்டரும் அவ்வாறே. நொடிக்கு 100 மி.மீ. வேகத்தை நொடிக்கு நொடி 500 மி.மீ. என்னும் ஆர்முடுகலால் அடைவதாயின், 0.2 நொடி செல்லும். அதற்குள் 10 மி.மீ. தூரம் கழிந்துவிடும். நிற்பதற்கும் அவ்வளவே வேண்டும். ஆகவே 15 மி.மீ. மட்டும் நகரவேண்டிய வேலையில் அக்கருவி தன் முழு வேகத்தை ஒருபோதும் எட்டாது. விற்பனைத் தாளிற் கண்ட வேகத்தை நம்பி, நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் துண்டு என்று கணக்கிட்ட பலர் ஏமாறுவது இதனாலேயே. அன்றியும், படிமோட்டரின் முறுக்கம் வேகம் கூடக் குறைந்து செல்லும் இயல்புடையது. ஆர்முடுகலை மிகுதியாக வைத்தால் மோட்டர் சில படிகளைத் தவறவிடும். தவறவிட்டதைக் கட்டுப்பாட்டுக் கருவி அறியாது.

இவ்விடத்திற் சற்று நின்று நோக்குதல் தகும். ஏனெனின், மலிவான கருவியைக் கொண்டு யந்திரம் அமைப்போர் பெரும்பாலும் இடறுவது இங்கேயாம். கருவி துடிப்பை எண்ணுகின்றது, பொருளைப் பார்ப்பதில்லை. தான் அனுப்பிய எண்ணிக்கையையே உலகின் நிலை என்று அது கருதுகின்றது.

அச்சிட்ட லேபல் சுருளை 300 மி.மீ. துண்டுகளாக வெட்டும் ஓர் எளிய பொறியை எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ. விட்டமுடைய உருளை ஒன்று தாளை இழுக்கின்றது. அதன் சுற்றளவு 157.08 மி.மீ.; ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்பு. எனவே 300 மி.மீ. நீளத்துக்கு 6,111.55 துடிப்பு வேண்டும். அரைத் துடிப்பை அனுப்புதல் இயலாது. 6,112 என்று வைக்கின்றோம். மிகுதி 0.45 துடிப்பு, அது தாளில் 0.022 மி.மீ. மாத்திரமே, தலைமயிரின் பருமனிலும் குறைவு. தனித்தனித் துண்டாக நோக்கின் இது பிழையே அன்று. ஆனால் அச்சுப் படம் சுருளிலே தொடர்ந்து வருகின்றதன்றோ? ஒவ்வொரு வெட்டும் முந்தின வெட்டிலிருந்தே அளக்கப்படின், ஆயிரமாவது லேபலில் வெட்டு 22 மி.மீ. விலகி, படத்தின் நடுவே விழும். இதற்கு ஒரு பரிகாரம், தொடக்கத்திலிருந்தே மொத்தத் தூரத்தைக் கணக்கிட்டு ஒவ்வொரு வெட்டின் இடத்தையும் தனித்தனியே முழுமைப்படுத்துதல். அவ்வாறு செய்யின் கணக்குப் பிழை ஒழியும். எனினும் உருளையில் தாள் வழுக்குவது ஒழியுமா? இறப்பர் தேய்ந்து உருளையின் விட்டம் குறைவது ஒழியுமா? மழை நாளில் தாள் ஈரத்தை உறிஞ்சி நீள்வது ஒழியுமா? விட்டத்தில் 0.1 மி.மீ. குறைந்தாலே துண்டு ஒன்றுக்கு 0.6 மி.மீ. குறைந்துவிடும். முன்னைய கணக்குப் பிழையை நோக்க இது இருபத்தைந்து மடங்குக்கும் மேலானது.

ஆதலின் பொறிக்குக் கண் வைத்தல் இன்றியமையாததாகின்றது. லேபலின் ஓரத்தில் அச்சிட்ட கருங்குறியை ஒளியுணரி ஒன்று காண்கின்றது. கண்ட அக்கணத்திலே கருவி தன் எண்ணிக்கையைப் பதிந்துகொண்டு, குறியிலிருந்து இத்தனை துடிப்பின்பின் நில் என்று தனக்குத் தானே கட்டளையிடுகின்றது. இதனைச் செய்தற்கு மிக விரைவாகப் பதிவு செய்யும் உள்வாயில் ஒன்று கருவியில் அமைந்திருத்தல் வேண்டும். சாதாரண உள்வாயிலைச் சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறையே கருவி எட்டிப் பார்க்கும். நொடிக்கு 100 மி.மீ. ஓடும் தாள் 5 மில்லிநொடியில் அரை மில்லிமீற்றர் கடந்துவிடும். கருவி வாங்குவோர் வேகத்தையும் அச்சுக்களின் தொகையையும் வினாவுகின்றனர். இவ்வுள்வாயிலைப் பற்றி வினாவுவோர் அரியர். நான்கு அச்சுடைய கருவியினும், விரைவுப் பதிவு உள்ள ஓரச்சுக் கருவியே இவ்வேலைக்கு மேலானது.

சேர்வோ மோட்டர் இக்குறையைத் தீர்க்கும் என்பர். அது ஒரு பாதி உண்மை. அதன் பின்புறத்துள்ள சுழற்சி எண்ணி, மோட்டர் உண்மையில் எவ்வளவு சுழன்றது என்பதைச் செலுத்திக்கு அறிவிக்கின்றது. ஆதலின் படி தவறுதல் மறைந்து நில்லாது. பிழை மிகுந்தால் செலுத்தி அபாய அறிவிப்பைத் தந்து நின்றுவிடும். ஆயினும் அது அறிவது மோட்டரின் அச்சை மாத்திரமே. வார் வழுக்கினாலும், திருகுத்தண்டின் சுரை தேய்ந்து தளர்ந்தாலும் அது அறியாது.

கம்பி இணைப்பைப் பற்றிச் சில சொற்கள். கட்டுப்பாட்டுக் கருவி 24 வோல்ற்றுத் துடிப்பைத் தர, செலுத்தியின் வாயில் 5 வோல்ற்றுக்கென அமைந்திருக்குமாயின், இடையே 2 கிலோ ஓம் அளவான தடையி ஒன்றை வைத்தல் வழக்கம். வையாதவர் செலுத்தியின் உள்ளே இருக்கும் ஒளியிணைப்பை எரித்துவிடுவர். மோட்டரின் மின்கம்பியும் துடிப்புக் கம்பியும் ஒரே குழாயிற் செல்லலாகாது. முறுக்கிய சோடிக் கம்பியும் உலோகக் கவசமும் வேண்டும். கவசம் பொதுவாகக் கருவிப் பக்கத்திலே புவியோடு தொடுக்கப்படும். வேகமாற்றும் இன்வேட்டர் ஒன்று அதே பெட்டியில் இருப்பின் இக்கவனம் இரட்டிப்பாதல் வேண்டும். பழைய கட்டடங்களிலே புவித்தொடுப்புக் கம்பி சுவரினுள் எங்கோ அறுந்து கிடப்பதும் உண்டு. ஆகவே பொறியைக் குறைகூறுமுன் சுவரைச் சோதித்தல் நன்று.

நம் நாட்டுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு, அது மின்வெட்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று புகுந்தமையால் நாடு முழுவதும் இருளடைந்ததையும் உலகமே பேசிற்று. வேலை நடுவே மின்சாரம் நின்றால், எண்ணிக்கையை நம்பியிருக்கும் கருவி தான் எங்கே நிற்கின்றது என்பதை மறந்துவிடும். மீண்டும் மின்சாரம் வந்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடர விடுதல் பெரும் பேதைமை. ஒவ்வொரு தொடக்கத்திலும் அச்சு மெல்ல நகர்ந்து, தொடக்க ஆளியைத் தொட்டு, அதனையே சுழியமாகக் கொண்ட பின்னரே வேலை தொடங்குமாறு நிரல் எழுதுதல் வேண்டும். செங்குத்தாக இயங்கும் அச்சாயின் மின்சாரம் நின்றவுடன் பாரத்தினால் அது கீழே சரியும். மின்சாரம் உள்ளபோது விடுவித்து, இல்லாதபோது பிடித்துக்கொள்ளும் தடையுடைய மோட்டரே அங்கு ஏற்றது.

எதனை வாங்குவது என்னும் வினாவுக்கு என் விடை சுருக்கமானது. எதன் கையேட்டை நீர் படித்து விளங்கிக்கொள்ள முடியுமோ அதனை வாங்குக. இரண்டாங்கையாக வரும் பேர்பெற்ற கருவிகள் மலிவானவை, உறுதியானவை. ஆனால் அவற்றுட் சில முன்னைய உடைமையாளர் இட்ட கடவுச்சொல்லோடு வருகின்றன. சிலவற்றுக்கு உரிய மென்பொருளின் விலை கருவியின் விலையை விஞ்சும். பி.எல்.சி. கருவிக்கு, இன்னது நிகழ்ந்தபின் இன்னது என்னும் ஒழுங்கு இயல்பாக வரும். வெட்டி, இழுத்து, எண்ணி, நிறுத்தும் பொறிக்கு அது பொருந்தும். வளைகோடுகளை வரைந்து செதுக்கும் வேலைக்குப் பல அச்சுக்களையும் ஒருங்கே நடத்தும் இயக்கக் கட்டுப்பாட்டுக் கருவியே வேண்டும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி வாங்குதலாற் பணம் வீணாகின்றது. கருவியின் விலை, முழுச் செலவிலே ஒரு சிறு பங்குதான் என்பதையும் நினைவிற் கொள்க. நேரான தண்டவாளம், தாங்கி, உறுதியான சட்டம் ஆகியவற்றில் மிச்சம் பிடித்துவிட்டு, அக்குறையை நிரல் எழுதித் திருத்தலாம் என்று எண்ணுதல் வீண்.

இவையெல்லாவற்றினும் பெரியது ஒன்றுளது. அது தொழிலாளியின் விரல். பொன் வேலை செய்பவர்க்கும் அச்சுக் கோப்பவர்க்கும் விரலே சீவனோபாயம். வெளிநாட்டிலிருந்து வரும் யந்திரத்தில் மறைப்பும் காப்பும் முன்னரே பொருத்தப்பட்டிருக்கும். தாமே அமைக்கும் பொறியில் அவற்றை நினைப்பவர் குறைவு. நம் நாட்டின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயங்கும் ஆபத்தான உறுப்புக்களுக்கு வேலியிடுமாறு பணிக்கின்றது. பொறியை வாங்கினோமா, நாமே செய்தோமா என்பதனால் அக்கடமை மாறுபடாது.

அவசர நிறுத்து ஆளியைக் கட்டுப்பாட்டுக் கருவியின் உள்வாயில் ஒன்றிலே மாத்திரம் இணைத்துவிட்டு அமைதியடைவோர் பலர். நிரலிலே பிழை நேர்ந்து கருவி திகைத்து நிற்கும் வேளையிலேயே அவ்வாளி வேண்டப்படும். திகைத்த கருவி உள்வாயிலைப் படிக்குமா? ஆகவே மஞ்சட் பின்னணியில் அமைந்த அச்சிவப்பு ஆளி, கருவியின் அறிவை நாடாமல், மின்காந்த ஆளி ஒன்றன் வழியாகச் செலுத்தியின் மின்சாரத்தையே நேராக அறுத்தல் வேண்டும். கருவிக்குச் செய்தி சொல்லுதல் அதனோடு கூடிய இரண்டாவது வேலை. அழுத்திய ஆளி அழுந்தியபடியே நிற்றல் வேண்டும். அதனை விடுவித்தவுடன் பொறி தானே தொடங்கிவிடலாகாது. எல்லை ஆளிகளும் வழக்கமாக மூடியிருந்து, தொட்டால் திறக்கும் வகையினவாய் இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் எலி கம்பியைக் கடித்து அறுத்தாலும் கருவி அதனை எல்லை என்று எண்ணி நிற்கும். மறுவகை ஆளியாயின், கம்பி அறுந்தது தெரியாமலே அச்சு ஓடி முட்டும்.

பொறியை முதன்முதல் இயக்கும் நாளிலே வார்களைக் கழற்றிவிட்டு மோட்டரை மாத்திரம் சுழற்றுதல் வேண்டும். திசை சரிதானா, எல்லை ஆளிகளைக் கையால் அழுத்த அது நிற்கின்றதா, ஓடும்பொழுதே சிவப்பு ஆளியை அழுத்தின் மின்சாரம் அறுகின்றதா என்பவற்றைப் பார்த்தபின் வாரைப் பூட்டுக. வேகத்தைப் பத்தில் ஒரு பங்காக வைத்து, கத்தியைக் கழற்றிவிட்டு, வெறும் காகிதத்தை ஒரு நாள் முழுவதும் ஓடவிடுக. மாலையில் அளவுகோலை எடுத்து, முதல் துண்டுக்குரிய நீளத்தையும் கடைசித் துண்டுக்குரிய நீளத்தையும் கையால் அளந்து பார்த்தபின்னரே கத்தியைப் பொருத்துக.